பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் மெயில் போய்க்கொண்டே இருந்தால்

சென்னையில் சின்ன ஆபீஸ்களுக்கு மெயில், கம்ப்யூட்டர், பேக்கப் எல்லாம் பார்த்துக்கொடுப்பது என் வேலை. தி.நகரில் ஆடிட்டர் ஆபீஸ், அம்பத்தூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்கள், பாரிமுனைப் பக்கம் ஷிப்பிங், கஸ்டம்ஸ் கிளியரிங் பார்ப்பவர்கள், இப்படி. பாதுகாப்பு என்று பேச்செடுத்தால் எல்லா இடத்திலும் ஒரே பதில்தான் வரும்: "பாஸ்வேர்டு ஸ்ட்ராங்கா வெச்சிருக்கோம் சார், ஓடிபியும் போட்டாச்சு, யாருக்கும் சொல்றதில்ல." நல்ல பழக்கம், விடவே கூடாது. ஆனால் பாஸ்வேர்டையும் கேட்காமல் ஓடிபியையும் கேட்காமல், நாமே நம் கையால் ஒரு பொத்தானை அழுத்தி மொத்த மெயில் பெட்டியையும் வேறொருவருக்குத் திறந்துவிடுகிற வழி ஒன்று இருக்கிறது. அதை இந்த ஆபீஸ்களில் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. மெயிலைப் பற்றி வரும் எச்சரிக்கை எல்லாமே பாஸ்வேர்டைச் சுற்றியே வருவதால், இது கண்ணில் படாமலே போய்விடுகிறது.

அந்த வழிக்குப் பெயர் ஓஆத் (OAuth) ஃபிஷிங். ஃபிஷிங் என்றால் நம்பும்படி மெயில் அனுப்பி ஏமாற்றிப் பறிப்பது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், ஓஆத்தை நீங்கள் தினமும் பயன்படுத்துகிறீர்கள். ஏதோ ஒரு தளத்தில் "கூகுள் கணக்கு வழியாக நுழையவும்" என்று அழுத்துகிறீர்களே, மீட்டிங் ஆப் ஒன்றை உங்கள் காலண்டரோடு இணைக்கிறீர்களே, அதற்கெல்லாம் பின்னால் இருப்பது அதுதான். அது வந்ததே நல்ல காரணத்துக்காக. 2000களின் நடுவில் பல தளங்கள் "உங்கள் நண்பர்களைக் கண்டுபிடித்துத் தருகிறோம்" என்று சொல்லி மெயில் பாஸ்வேர்டையே வாங்கிக்கொண்டிருந்தன, ஜனங்களும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூத்தை நிறுத்தத்தான், பாஸ்வேர்டைக் கொடுக்காமலே "இந்த ஆப் என் கணக்கில் இதை இதை மட்டும் செய்யலாம்" என்று அனுமதி கொடுக்க ஒரு முறை வந்தது. இன்று புழக்கத்தில் இருக்கும் ஓஆத் 2.0 தரநிலையாக வெளியானது 2012 அக்டோபரில். நீங்கள் அனுமதி கொடுத்ததும் கூகுளோ மைக்ரோசாஃப்ட்டோ அந்த ஆப்புக்கு ஒரு டோக்கன், அதாவது பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே வர ஒரு டிஜிட்டல் அனுமதிச் சீட்டு, கொடுக்கும். சாதாரணமாக அது ஒரு மணி நேர அளவுக்குச் செல்லும், ஆனால் கூடவே ரெஃப்ரெஷ் டோக்கன் என்று ஒன்றும் போகும். அதை வைத்துக்கொண்டு ஆப் உங்களைத் திரும்பக் கேட்காமலே புது டோக்கன் வாங்கிக்கொண்டே இருக்கலாம், மாதக்கணக்கில்.

இதில் திருடன் உள்ளே வருவது எப்படி? அவன் போலி லாகின் பக்கம் கட்டுவதில்லை. ஒரு ஆப் பதிவு செய்கிறான், அதற்கு நம்பும்படியான ஒரு பெயர் வைக்கிறான், அனுமதி கேட்கும் லிங்க்கை மெயிலில் அனுப்புகிறான். நீங்கள் அழுத்தினால் திறப்பது அசல் கூகுள் பக்கம், அசல் மைக்ரோசாஃப்ட் பக்கம். முகவரி சரி, பூட்டுச் சின்னம் சரி, உங்கள் போட்டோவும் பெயரும்கூடச் சரியாகத் தெரியும். ஏற்கனவே லாகின் ஆகியிருந்தால் பாஸ்வேர்டுகூடக் கேட்காது. லாகின் ஆகவில்லை என்றால் உங்கள் ஓடிபியையோ பாஸ்கீயையோ ஒழுங்காகச் சரிபார்த்துவிட்டுத்தான் அனுமதித் திரைக்கே கொண்டுபோகும். அதாவது "முகவரியைப் பார்த்து அழுத்துங்கள்", "இரண்டடுக்குப் பாதுகாப்பு போடுங்கள்" என்று இத்தனை வருஷமாக நாம் சொல்லிக்கொடுத்த இரண்டையும் ஒருவர் ஒழுங்காகச் செய்தாலும் இதில் மாட்டுவார். எனக்கு இந்த விஷயத்தில் வயிற்றெரிச்சலே இதுதான்.

இதைப் புரியவைக்க நான் ஆபீஸ்களில் எடுத்துச் சொல்வது பவர் பத்திரத்தை. சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் அசல், ஸ்டாம்ப் பேப்பர் அசல், கையெழுத்து உங்களுடையது, பவர் வாங்கிக்கொண்ட ஆள் மட்டும் ஏமாற்றுக்காரன். அதற்கப்புறம் வீட்டுப் பூட்டை மாற்றினால் என்ன ஆகும்? பவரை ரத்து செய்யும்வரை அவன் விற்கலாம். சென்னையில் நிலம் வாங்கின, விற்ற குடும்பத்தில் இருக்கும் யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை.

பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஆபீஸில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். வெளிநாட்டு ஏஜென்ட்டுகளோடு நாள் முழுக்க மெயில் போக்குவரத்து இருக்கிற இடம். அக்கவுன்ட்ஸ் பார்க்கும் அம்மாவுக்கு, அவர்கள் பல வருஷமாகப் பழகிய ஒரு ஏஜென்ட்டின் அசல் முகவரியிலிருந்து மெயில் வந்தது, பழைய கன்சைன்மென்ட் பற்றிய அதே தொடரில் பதிலாக. "பிஎல் டிராஃப்ட் இணைத்துள்ளேன், சரிபார்த்துச் சொல்லவும்" என்று ஒரு லிங்க். பிஎல் என்பது கப்பல் சரக்குக்கான ரசீது, பில் ஆஃப் லேடிங். அந்த ஏஜென்ட்டின் மெயில் பெட்டி முன்பே பறிபோயிருக்கிறது, அது யாருக்கும் தெரியாது. அழுத்தினார், மைக்ரோசாஃப்ட் பக்கம் திறந்தது, அனுமதி கேட்டது, அக்செப்ட் கொடுத்தார், ஒரு மங்கலான பிடிஎஃப் வந்தது. ஃபைல் சரியாக வரவில்லை போலிருக்கிறது என்று மூடிவிட்டு அடுத்த பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிக்குக் கஸ்டம்ஸில் கொடுக்கும் படிவம்) வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

சில நாள் கழித்து அவர்களுடைய இறக்குமதி வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்து, "பேங்க் அக்கவுன்ட் மாத்திட்டீங்களா, புது அக்கவுன்ட்டுக்குப் போடச் சொல்லி மெயில் வந்திருக்கே" என்று கேட்டிருக்கிறார். அவர் போன் செய்ததால்தான் பணம் தப்பியது. உடனே பாஸ்வேர்டை மாற்றினார்கள், எல்லாரும் செய்வதுதான். மறுநாளும் அதே மாதிரி இன்னொரு வாடிக்கையாளருக்கு மெயில் போயிருந்தது. அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

போய் உட்கார்ந்து பார்த்தபோது முதலில் தெரிந்தது அவுட்லுக்கில் ஒரு விதி. அதற்குப் பெயர் வெறும் ஒரு புள்ளி. "பேமென்ட்", "அக்கவுன்ட்", "இன்வாய்ஸ்" என்ற வார்த்தைகள் இருக்கிற மெயில் எது வந்தாலும், படித்ததாகக் குறித்து ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ் என்ற ஃபோல்டருக்குத் தள்ளிவிடச் சொல்லியிருந்தது. அந்த ஃபோல்டரை வாழ்நாளில் யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள், அதற்காகத்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாடிக்கையாளர்கள் திருப்பிக் கேட்ட மெயில் எல்லாம் அங்கே வரிசையாகக் கிடந்தது. அதற்கப்புறம் ஆப் பட்டியலைத் திறந்தால், ஆவணம் பார்க்கும் செயலி என்பதுபோல் பொதுவான ஒரு பெயரில் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதற்குக் கொடுக்கப்பட்டிருந்த அனுமதிகள்: மெயிலைப் படிக்க, திருத்த, நீக்க, உங்கள் பெயரில் மெயில் அனுப்ப, மெயில் பெட்டியின் அமைப்புகளை மாற்ற, கடைசியாக, கொடுத்த அணுகலைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள. அந்தக் கடைசி வரிதான் ரெஃப்ரெஷ் டோக்கனுக்கான வரி. திரையில் பார்க்கும்போது இருப்பதிலேயே சாதுவாகத் தெரிவதும் அதுதான்.

"தம்பி, அது பாஸ்வேர்டு எதுவும் கேக்கவே இல்லப்பா, கேட்டிருந்தா நான் கொடுத்திருக்கவே மாட்டேன்" என்றார் அந்த அம்மா. நூற்றுக்கு நூறு உண்மை. அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் அப்படியே செய்திருக்கிறார்.

பாஸ்வேர்டு மாற்றியது ஏன் பலிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், இங்கேதான் ரொம்பப் பேர் குழம்புகிறார்கள். டோக்கன் பாஸ்வேர்டோடு கட்டப்பட்டது இல்லை, ஆப்புக்குத் தனியாகக் கொடுக்கப்பட்டது. மைக்ரோசாஃப்ட்டில், சொந்த சர்வரில் ஓடும் இந்த மாதிரி ஆப்களின் டோக்கன், பயனர் பாஸ்வேர்டை மாற்றினாலும் உயிரோடு இருக்கும். கூகுளில் ஜிமெயில் அனுமதி அடங்கிய ரெஃப்ரெஷ் டோக்கன்கள் பாஸ்வேர்டு மாற்றினால் செத்துவிடும், ஆனால் டிரைவ் மட்டும் கேட்டு வாங்கிய டோக்கனுக்கு அந்த விதி கிடையாது. ஆகவே ஜிமெயிலுக்கு வேலை செய்ததை வைத்து டிரைவில் இருக்கும் கோப்புகளும் பாதுகாப்பாகிவிட்டன என்று நினைத்துவிடக் கூடாது. ஆடிட்டர் ஆபீஸ்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் க்ளையன்ட்டுகளின் பான், ஆதார் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் டிரைவில்தான் கிடக்கிறது.

அந்த ஆபீஸில் இன்னொரு விஷயமும் இருந்தது, என் கணக்கில் அதுதான் மூலகாரணம். பல வருஷத்துக்கு முன் மெயில் அமைத்துக்கொடுத்தவர்கள் அந்த அம்மாவின் கணக்கையே அட்மின் கணக்காக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சாதாரணப் பயனர் என்றால், யார் வெளியிட்டது என்று சரிபார்க்கப்படாத புது ஆப் இவ்வளவு அனுமதி கேட்கும்போது மைக்ரோசாஃப்ட் பெரும்பாலும் "அட்மின் ஒப்புதல் வேண்டும்" என்று நிறுத்திவிடும். 2020 நவம்பரிலிருந்து அப்படித்தான். இங்கே அழுத்தியவரே அட்மின், யாரிடம் போய்க் கேட்கும்? சின்ன ஆபீஸ்களில் தினசரி மெயில் பார்க்கும் கணக்கும் அட்மின் கணக்கும் ஒன்றாக இருப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தயவுசெய்து அதைப் பிரித்துவிடுங்கள். அட்மினுக்குத் தனி ஐடி, அதில் மெயில் பார்க்கவே கூடாது.

சரி, இது ஏதோ புதுசாக வந்த தந்திரம் என்று நினைக்காதீர்கள். 2017 மே 3 அன்று உலகம் முழுக்க ஜிமெயில் வைத்திருந்தவர்களுக்குத் தெரிந்தவர் ஒருவரிடமிருந்து "உங்களோடு ஓர் ஆவணத்தைப் பகிர்ந்துள்ளார்" என்று மெயில் வந்தது. அழுத்தினால் அசல் கூகுள் பக்கம், அதில் "கூகுள் டாக்ஸ்" உங்கள் மெயிலைப் படிக்கவும் அனுப்பவும் நீக்கவும், தொடர்புகளை நிர்வகிக்கவும் அனுமதி கேட்கிறது. அது கூகுள் டாக்ஸே இல்லை; யாரோ ஒருவர் தன் ஆப்புக்குக் "கூகுள் டாக்ஸ்" என்று பெயர் வைத்திருந்தார், கூகுளின் அமைப்பும் அதை ஏற்றுக்கொண்டிருந்தது. அனுமதி கொடுத்த நொடியில் அது உங்கள் தொடர்புகள் எல்லாருக்கும் உங்கள் பெயரிலேயே அதே மெயிலை அனுப்பியது. ஒரு மணி நேரத்துக்குள் நிறுத்திவிட்டோம், பாதிக்கப்பட்டது ஜிமெயில் பயனர்களில் 0.1 சதவீதத்துக்கும் குறைவு என்று கூகுள் சொன்னது. ஜிமெயிலில் அப்போதே நூறு கோடிக்கு மேல் பயனர்கள், ஆகவே அந்தச் சின்ன சதவீதமே லட்சக்கணக்கான ஆட்கள். இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம் என்னவென்றால், ஓஆத் தரநிலையை எழுதிக்கொண்டிருந்தவர்கள் மத்தியிலேயே 2011இல் ஒருவர் இதைக் கிட்டத்தட்ட அப்படியே எழுதி எச்சரித்திருந்தார்: தெரிந்த நிறுவனத்தின் பெயரை வைத்து ஒரு ஆப் பதிவு செய்தால் பயனர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்று. நடந்து முடிந்த பிறகுதான் சரிபார்க்கப்படாத ஆப்களுக்குப் பெரிய எச்சரிக்கைத் திரை வந்தது, 2018 அக்டோபரில் ஜிமெயில் தரவைத் தொடும் ஆப்களுக்குக் கடுமையான விதிகளும் வெளியில் இருந்து செய்யும் பாதுகாப்புத் தணிக்கையும் அறிவித்தார்கள்.

அந்த விதிகள் உதவாமல் இல்லை. இன்று யாராவது "கூகுள் டாக்ஸ்" என்று பெயர் வைத்துவிட முடியாது. ஆனால் எச்சரிக்கைத் திரையில் "மேம்பட்டவை" என்று சின்னதாக ஒரு லிங்க் இருக்கும், அதை அழுத்தினால் "பாதுகாப்பற்றது" என்ற அடைப்புக்குறியோடு தொடர வழி இருக்கும். திருட்டு மெயிலிலேயே "எச்சரிக்கை வந்தால் மேம்பட்டவை அழுத்தித் தொடரவும்" என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். ஆபீஸில் பகிர்கிற உண்மையான கூகுள் ஷீட் ஸ்கிரிப்ட்டுகளுக்கும் (ஷீட்டுக்குள் ஓடும் சின்ன நிரல்கள்) இதே எச்சரிக்கைதான் வரும், அதைப் பலமுறை தாண்டிப் பழகிய கை இதையும் தாண்டிவிடும்.

பாதுகாப்பே தொழிலாக இருக்கும் இடங்களும் தப்பவில்லை. சான்ஸ் இன்ஸ்டிடியூட் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், உலகம் முழுக்க சைபர் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கும் நிறுவனம். 2020 ஆகஸ்ட்டில் அவர்களே வெளியே சொன்னார்கள்: ஊழியர் ஒருவர் ஃபிஷிங் மெயிலில் வந்த ஆஃபீஸ் 365 ஆட்-ஆன் ஒன்றுக்கு அனுமதி கொடுத்துவிட்டார், மெயிலைத் திருப்பிவிடும் விதி ஒன்று உருவானது, 513 மெயில்கள் வெளியே போயின, அவற்றில் சுமார் 28,000 பேரின் விவரங்கள் இருந்தன. மறைக்காமல் சொன்னதற்கு அவர்களை மதிக்கிறேன். ஆகவே உங்கள் ஆபீஸில் ஒருவர் மாட்டிவிட்டால் அவரை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை சந்தேகம் வந்தாலும் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

இப்போது அனுமதித் திரையில் என்ன பார்க்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். அனுமதிகள் பட்டியலை வரி வரியாகப் படிக்கச் சொல்லலாம், சொல்வதும் நல்லதுதான், ஆனால் மாசக் கடைசியில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் படிக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் நான் முதலில் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: இந்த ஆப்பை நான் தேடிப்போனேனா, இல்லை இது என்னைத் தேடி வந்ததா? நீங்களாகப் போய் ஒரு காலண்டர் ஆப்பைத் தேர்ந்தெடுத்து, அதன் தளத்திலிருந்து இணைத்தால் அது ஒரு கதை. மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ வந்த லிங்க்கை அழுத்தி அனுமதித் திரை வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இன்னொன்றை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்: ஒருவர் உங்களோடு பகிர்ந்த கூகுள் டாக்கைத் திறந்து பார்க்க எந்த அனுமதித் திரையும் வராது. லாகின் கேட்கலாம், "அக்சஸ் கேளுங்கள்" என்று சொல்லலாம், ஆனால் "இந்த ஆப் உங்கள் மெயிலைப் படிக்க விரும்புகிறது" என்று வரவே வராது. ஒரு ஃபைலைப் பார்ப்பதற்கு என் பெயரில் மெயில் அனுப்பும் அதிகாரம் எதற்கு?

அதே சமயம் எல்லாவற்றுக்கும் பயப்படவும் வேண்டாம். "கூகுள் வழியாக நுழைய" என்பது பெயர், மெயில் முகவரி, போட்டோ இந்த மூன்றை மட்டும் கேட்டால், அதில் உங்கள் மெயில் பெட்டிக்குள் யாரும் வர முடியாது. புதுத் தளம் ஒவ்வொன்றுக்கும் ஒரே பாஸ்வேர்டை எழுதிவைப்பதைவிட அது எவ்வளவோ மேல். மெயில், டிரைவ், தொடர்புகள் என்ற வார்த்தைகள் வந்தால்தான் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

திருடன் இல்லாத, முறையான ஆப்களும் யோசிக்க வேண்டியவைதான். தேவையில்லாத விளம்பர மெயில்களைச் சுத்தம் செய்து தருவதாகச் சொல்லிப் பிரபலமான அன்ரோல்.மீ என்ற சேவை, பயனர்களின் மெயிலில் இருந்த, ஊபரின் போட்டி நிறுவனமான லிஃப்ட் (Lyft) டாக்ஸியின் ரசீதுகளின் தகவலை, பெயர்களை நீக்கிவிட்டு, ஊபருக்கு விற்றது 2017இல் வெளியே வந்தது. செலவுக் கணக்கு, கடன் ஆப் எல்லாம் "ஸ்டேட்மென்ட் எடுக்க" என்று ஜிமெயில் அனுமதி கேட்கும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும். ஸ்டேட்மென்ட்டை நீங்களே டவுன்லோடு செய்து கொடுங்கள், மெயில் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது கோடு (code) தந்திரம், இது இப்போது வேகமாகப் பரவுகிறது. புது டிவியில் யூடியூப் லாகின் செய்யும்போது திரையில் ஒரு கோடு வரும், போனில் போய் அதை அடிப்போம், டிவி லாகின் ஆகிவிடும். கீபோர்டு இல்லாத கருவிகளுக்காக வந்த இந்த முறையும் ஓஆத்தில் ஒரு பகுதிதான். இதையே திருடர்கள் திருப்பிப் போடுகிறார்கள்: கோடை அவர்கள் தங்கள் கம்ப்யூட்டரில் உருவாக்கி, "மீட்டிங்கில் சேர இந்தக் கோடை மைக்ரோசாஃப்ட் பக்கத்தில் அடியுங்கள்" என்று உங்களுக்கு அனுப்புவார்கள். பக்கம் அசல், நீங்கள் அடித்ததும் லாகின் ஆவது அவர்களுடைய கருவி. 2025 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் இதைப் பற்றி விரிவாக எழுதியது, ஸ்டார்ம்-2372 என்று பெயரிட்ட ஒரு குழு 2024 ஆகஸ்ட்டிலிருந்தே அரசு அமைப்புகளையும் தொண்டு நிறுவனங்களையும் இப்படிக் குறிவைத்து வந்ததாகச் சொன்னது. முதலில் வாட்ஸ்அப்பிலும் சிக்னலிலும் முக்கியமான ஆள் மாதிரி பேசிப் பழகுவார்கள், அப்புறம்தான் மீட்டிங் அழைப்பு. அந்தக் கோடு 15 நிமிஷம்தான் செல்லும் என்பதால் "இப்பவே சேருங்க சார், எல்லாரும் காத்திருக்காங்க" என்று அவசரப்படுத்துவார்கள். உங்கள் முன்னால் இருக்கும் டிவியோ கருவியோ காட்டாத கோடை, அது யார் அனுப்பியதாக இருந்தாலும், எந்தப் பக்கத்திலும் அடிக்காதீர்கள்.

யாருமே எதையும் அழுத்தாமலும் இது நடக்கும் என்பதை 2025 ஆகஸ்ட்டில் பார்த்தோம். சேல்ஸ்லாஃப்ட் என்ற நிறுவனத்தின் டிரிஃப்ட் என்ற சாட் சேவையை ஏராளமான நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கும் சேல்ஸ்ஃபோர்ஸ் கணக்கோடு இணைத்து வைத்திருந்தன. திருடர்கள் அந்த இணைப்புகளின் டோக்கன்களை மொத்தமாக எடுத்துக்கொண்டு, அந்தந்த நிறுவனங்களின் தரவுக்குள் நேராக நுழைந்தார்கள். 700க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கூகுளின் புலனாய்வுக் குழு சொன்னது. கிளவுட்ஃபிளேர், பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ், ஸீஸ்கேலர் என்ற பாதுகாப்புச் சேவை நிறுவனங்கள்கூடத் தாங்களும் அதில் இருப்பதாக வெளியே அறிவித்தன. டிரிஃப்ட்டை மெயிலோடு இணைத்திருந்த சில கூகுள் ஒர்க்ஸ்பேஸ் (கூகுளின் ஆபீஸ் மெயில் சேவை) கணக்குகளும் திறக்கப்பட்டன. ஆகவே, மூன்று வருஷம் முன் ஒரு நாள் பயன்படுத்திப் பார்த்துவிட்டு மறந்துபோன ஆப் இன்னும் உங்கள் கணக்கில் இணைந்திருந்தால், அந்த ஆப்பை நடத்துபவர்கள் வீட்டில் நடக்கும் திருட்டு உங்கள் வீட்டுக்கும் வரும்.

எங்கே போய்ப் பார்ப்பது? கூகுளில் உங்கள் கணக்கு அமைப்புக்குள் பாதுகாப்புப் பகுதியில் மூன்றாம் தரப்பு ஆப்கள், சேவைகள் என்று ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றையும் தொட்டால் அது எதைப் பார்க்க முடியும் என்று காட்டும், அங்கேயே இணைப்பை நீக்கலாம். மைக்ரோசாஃப்ட்டின் தனிப்பட்ட கணக்கில் தனியுரிமைப் பகுதியில் இருக்கும். ஆபீஸ் கணக்கு என்றால் மை ஆப்ஸ் பக்கத்தில். நம்மூரில் நிறையப் பேர் ஸோஹோ மெயில் வைத்திருக்கிறார்கள், அங்கேயும் கணக்குப் பக்கத்தில் இணைக்கப்பட்ட ஆப்கள் பட்டியல் உண்டு. முதல்முறை திறப்பவர்கள் பட்டியலின் நீளத்தைப் பார்த்தே அதிர்ந்துபோவார்கள். படிக்கிற காலத்தில் ரெஸ்யூம் செய்ய இணைத்த தளம், ஏதோ பிடிஎஃப் மாற்றி, மூடிப்போன ஸ்டார்ட்அப்பின் ஆப் எல்லாம் வரிசையாக நிற்கும். தெரியாததை நீக்குங்கள், தேவை என்றால் திரும்ப இணைத்துக்கொள்ளலாம், ஒன்றும் கெட்டுப்போகாது.

உண்மையிலேயே மாட்டிவிட்டது என்று தெரிந்தால் செய்யும் வரிசை முக்கியம். முதலில் ஸ்கிரீன்ஷாட்: ஆப்பின் பெயர், அனுமதிகள், என்று கொடுத்தது. அப்புறம் ஆப்பை வெட்டுங்கள். மைக்ரோசாஃப்ட் அட்மின் பக்கத்தில் செய்வதாக இருந்தால் அழிப்பதைவிட, என்டர்பிரைஸ் அப்ளிகேஷன்ஸ் பட்டியலில் அந்த ஆப்புக்குள் போய் பயனர்கள் சைன்-இன் செய்வதை நிறுத்திவைப்பது நல்லது, ஏனென்றால் அழித்துவிட்டால் இன்னொருவர் அதே லிங்க்கை அழுத்தும்போது அது புதுசாகத் திரும்ப வந்து உட்காரும். அதோடு, அதே ஆப்புக்கு ஆபீஸில் வேறு யார் அனுமதி கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் அங்கேயே பாருங்கள். அடுத்து மெயில் விதிகள், ஃபார்வர்டிங், ஃபில்டர், வேறு யாருக்காவது மெயில் பெட்டியைப் பார்க்கும் உரிமை கொடுக்கப்பட்டிருக்கிறதா என்பது. ஆப்பை வெட்டினாலும் அது உருவாக்கிய விதி தானாகப் போகாது. பாரிமுனை ஆபீஸில் அந்தப் புள்ளி விதியை எடுக்காமல் விட்டிருந்தால் வாடிக்கையாளர்களின் பதில்கள் தொடர்ந்து காணாமல் போய்க்கொண்டுதான் இருந்திருக்கும். இதற்கெல்லாம் பிறகு எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றி, பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

வாடிக்கையாளர்களுக்கு மெயில் போடாதீர்கள், போன் செய்யுங்கள். எந்த மெயிலை நம்புவது என்பதே கேள்வியாக இருக்கும்போது இன்னொரு மெயில் உதவாது. பணம் போய்விட்டது என்றால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள், கூடவே பேங்க்குக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்க முடிவது நேரத்தைப் பொறுத்துத்தான். நிறுவனங்களுக்கு இன்னொரு கடமையும் இருக்கிறது. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி இந்த மாதிரி சம்பவங்களைத் தெரிந்துகொண்ட 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். சின்ன ஆபீஸ்கள் பலவற்றுக்கு இது தெரியவே தெரியாது.

முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. ஊழியர்களுக்குப் பாடம் நடத்துங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். கூகுள் ஒர்க்ஸ்பேஸில் ஏற்கனவே அமைந்திருக்கும் நிலையில் பயனர்கள் எந்த வெளி ஆப்புக்கும் அனுமதி கொடுத்துக்கொள்ளலாம். அட்மின் பக்கத்தில் ஏபிஐ கட்டுப்பாடுகள் என்ற இடத்தில் இதை மாற்றி, நீங்கள் ஒப்புக்கொண்ட ஆப்கள் தவிர மற்றவை லாகின் விவரத்தை மட்டுமே பெறலாம் என்று வைக்கலாம். மைக்ரோசாஃப்ட் 365இல் பயனர் ஒப்புதலை நிறுத்திவிட்டு, யாராவது கேட்டால் அட்மினுக்குக் கோரிக்கையாக வரும்படி செய்யலாம். கோப்புகளையும் ஷேர்பாயின்ட் தளங்களையும் (ஆபீஸ் கோப்புகளைப் பகிர்ந்து வைக்கும் இடம்) கேட்கும் வெளி ஆப்கள் விஷயத்தில் மைக்ரோசாஃப்ட்டே 2025 நடுவில் இந்தத் திசையில்தான் அமைப்பை மாற்றத் தொடங்கியது. இரண்டுக்கும் தனியாகக் காசு கிடையாது, அரை மணி நேர வேலை. முதல் ஒரு வாரம் "இந்த ஆப் ஓடல, அந்த ஆப் ஓடல" என்று ஊழியர்கள் வருவார்கள், வரட்டும். அந்தப் பட்டியலைப் பார்த்தால்தான் இவ்வளவு நாள் உங்கள் ஆபீஸ் மெயிலையும் டிரைவையும் யார் யார் படித்துக்கொண்டிருந்தார்கள் என்பது உங்களுக்கே தெரியவரும்.

இந்த இரண்டு அமைப்பையும் எந்த மெனுவில் போய் எதைத் தட்டி மாற்றுவது என்று படங்களோடு அடுத்த பதிவில் போடுகிறேன். அதுவரை காத்திருக்காமல் ஆப் பட்டியலை மட்டுமாவது இன்றைக்கே திறந்து பாருங்கள், சந்தேகமாக ஏதாவது கண்ணில் பட்டால் ஆப்பின் பெயரையும் அது கேட்டிருக்கும் அனுமதிகளையும் கீழே எழுதுங்கள். உங்கள் மெயில் முகவரியைப் போட வேண்டாம்.